போத்தலா, முருங்கை விதையா, வெயில் தட்டா? செயற்றிட்டத்துக்கு மலிவான ஒரு நீர் வடிகட்டி

நீர் வடிகட்டி செய்துவரச் சொன்னால் வகுப்பில் அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் ஒரே சாமானைத்தான் கொண்டுவருவார்கள். அடி வெட்டிய சோடாப் போத்தல் ஒன்று, தலைகீழாக. உள்ளே பஞ்சு, கரி, மணல், கல். மேலே கலங்கல் தண்ணீரை ஊற்றினால் கீழே கொஞ்சம் தெளிந்த தண்ணீர் சொட்டும். படம் எடுத்து அட்டையில் ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. அப்புறம் ஆசிரியர் கேட்பார்: "கரி போடாமல் விட்டால் என்ன நடக்கும்?" பிள்ளை அம்மாவின் முகத்தைப் பார்க்கும்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய வடிகட்டியைத்தான் தேட வேண்டும். ஆகவே எது பார்க்க வடிவாக இருக்கும் என்பதை விட்டுவிட்டு, எதை வீட்டிலேயே அளக்கலாம், கையில் எத்தனை நாள் இருக்கிறது, வீட்டுத் தண்ணீரில் உண்மையான குறை என்ன என்று பாருங்கள். கடைசிக் கேள்வியைப் பலரும் கேட்பதே இல்லை. திருகோணமலை மாவட்டத்துக்குள்ளேயே தண்ணீர் ஊருக்கு ஊர் வேறு. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலோரக் கிணறுகள் கோடையில் உவர்க்கும். மூதூர், வெருகல் பக்கம் மாரி வெள்ளம் கிணற்றுக்குள் இறங்கினால் தண்ணீர் தேத்தண்ணி நிறத்துக்கு வரும். கந்தளாய், தம்பலகாமம் என்று உள்ளே போனால் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும் கடின நீர். நகரத்துக்குக் குழாயில் வருவதோ கந்தளாய்க் குளத்துத் தண்ணீர், ஏற்கெனவே சுத்திகரித்துக் குளோரின் போட்டது. இந்த நான்குக்கும் ஒரே போத்தலைக் காட்டுவதில் அர்த்தமில்லை.

போத்தலில் இருந்தே தொடங்குவோம். அதைக் குறைவாக மதிக்கத் தேவையில்லை, சரியாகச் செய்தால் நல்ல பரிசோதனை. செலவும் கிட்டத்தட்ட இல்லை: ஒன்றரை லீற்றர் போத்தல்கள், கட்டட வேலை நடக்கும் இடத்தில் கேட்டு வாங்கிய ஒரு பை ஆற்று மணல், கொஞ்சம் சல்லிக்கல், ஒரு துண்டுப் பழைய வேட்டித் துணி, சிரட்டைக் கரி.

மணல்தான் இதில் முக்கியம், அதில்தான் அவசரப்படுகிறார்கள். கடற்கரை பக்கத்தில் இருக்கிறதே என்று அங்கிருந்து அள்ளிக்கொண்டு வரக் கூடாது. அதில் உப்பு இருக்கும், சிப்பித் தூளும் இருக்கும். ஒரு கரண்டி கடல் மணலில் தேசிக்காய்ப்புளி பிழிந்து பாருங்கள். சிறு குமிழ்கள் வந்தால் அது சிப்பியின் சுண்ணாம்பு. வடிகட்டியில் போட்டால் தண்ணீரின் கடினத்தன்மை கூடும். புல்மோட்டைப் பக்கத்துக் கறுத்த மணலோ வேறு கதை. அதில் இல்மனைட் என்ற கனிமம் கலந்திருக்கிறது, சாதாரண மணலைவிட நல்ல பாரம், வலுவான காந்தத்தைப் பிடித்தால் கொஞ்சம் ஒட்டியும் வரும். பிள்ளைக்குக் காட்ட நல்ல வேடிக்கை, ஆனால் இந்தச் செயற்றிட்டத்துக்கு வேண்டாம்.

ஆற்று மணலை நுளம்பு வலைத் துணியில் ஒருமுறையும், பிறகு மா அரிக்கும் அரிதட்டில் ஒருமுறையும் அரித்தால் மூன்று தரம் கிடைக்கும்: வலையில் தங்கியது பருமன், வலையால் விழுந்து அரிதட்டில் தங்கியது நடுத்தரம், இரண்டாலும் விழுந்தது நுண்மணல். ஒவ்வொன்றையும் வாளியில் போட்டுக் கையால் கலக்கி, மேல் தண்ணீரை ஊற்றிவிட்டு, மறுபடியும் கலக்க வேண்டும். மேலே நிற்கும் தண்ணீர் தெளியும்வரை விடக் கூடாது. பொறுமை இல்லாத இடம் இதுதான். கழுவாத மணலில் ஊற்றிய தண்ணீர் போனதைவிடக் கலங்கித்தான் வெளியே வரும், வடிகட்டி வேலை செய்யவில்லை என்று பிள்ளை அழும்.

போத்தல் வாயில் பஞ்சு அடைப்பதைவிடத் துணியை இரண்டு மடிப்பாக வைத்து இறப்பர் வளையத்தால் கட்டுவது நல்லது. பஞ்சை ஒவ்வொரு போத்தலிலும் ஒரே இறுக்கமாக அடைக்க யாராலும் முடியாது, அதனால் ஒப்பீடு கெட்டுப்போகும். துணிக்கு மேல் சல்லிக்கல் 3 சென்ரிமீற்றர், அதற்கு மேல் மணல் 12 சென்ரிமீற்றர் அளவில். மணலின் மேல் நாலைந்து கூழாங்கல்லோ, ஓட்டை போட்ட யோகட் கோப்பை மூடியோ வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஊற்றும் தண்ணீர் மணலில் குழி தோண்டி, ஓரமாக வழி கண்டுபிடித்து, வடியாமலே கீழே இறங்கிவிடும்.

இனிக் கரி. கரிதான் தண்ணீரைத் தெளிய வைக்கிறது என்று எல்லாரும் எழுதுகிறார்கள். சேற்றைப் பிடிப்பது பெரும்பாலும் மணல். கரியின் வேலை நிறம், மணம், கரைந்திருக்கும் சில சேதனப் பொருள்கள். அதையும் உண்மையில் நன்றாகச் செய்வது உயிர்ப்பூட்டிய கரி. சிரட்டைக் கரியை 800 பாகை செல்சியசுக்கு மேல் நீராவியோடு சூடாக்கி அதில் எண்ணிலடங்காத நுண்துளைகளை உண்டாக்குவார்கள். அப்படிச் செய்த ஒரு கிராம் கரியின் உட்பரப்பு ஆயிரம் சதுர மீற்றர் அளவுக்கு வரும். இலங்கையில் இருந்து இது ஏற்றுமதியாகிறது. அடுப்படியில் இருக்கும் கரி அதன் தூரத்து உறவு. இதை ஒளிக்க வேண்டாம், செயற்றிட்டத்துக்குள்ளேயே கொண்டுவாருங்கள். ஆய்வுகூடத்தில் மெதிலீன் நீலம் என்ற சாயம் இருந்தால் ஓரிரு துளி கலந்த தண்ணீரை மணல் மட்டும் உள்ள போத்தலிலும், மணலோடு கரியும் உள்ள போத்தலிலும் ஊற்றி, கீழே வரும் நீலத்தை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஆசிரியர் கேட்ட கேள்விக்குப் பதில் அங்கே கண்முன் நிற்கும். கரியைக் கடலை அளவில் உடைத்து, கறுப்புத் தண்ணீர் வருவது நிற்கும்வரை கழுவிய பிறகுதான் போட வேண்டும்.

எப்படி அளப்பது? கலங்கலை அளக்கும் கருவி பள்ளிக்கூடங்களில் இருக்காது. ஒரு வெள்ளைத் தாளில் கறுப்புப் பேனையால் சிலுவைக் குறி போடுங்கள். அதன் மேல் உயரமான அளவுச் சாடியை வைத்து, மேலிருந்து பார்த்துக்கொண்டே தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். குறி மறையும் உயரத்தைச் சென்ரிமீற்றரில் எழுதிக்கொள்ளுங்கள். கலங்கல் கூடினால் உயரம் குறையும். வடிகட்டுமுன் 4 சென்ரிமீற்றரில் மறைந்த குறி வடிகட்டிய பின் 15இல் மறைந்தால், அது வெறும் "தெளிந்தது" என்ற சொல்லைவிட எவ்வளவோ மேல். கூடவே ஒரு நிமிடத்தில் எத்தனை மில்லிலீற்றர் சொட்டுகிறது என்றும் குறித்தால் இரண்டு வரைபு கிடைக்கும். நுண்மணல் தெளிவாகத் தரும், ஆனால் நேரம் எடுக்கும். பருமணல் ஓடிவிடும், கலங்கலையும் விட்டுவிடும். ஒரு போத்தல் காட்சிப் பொருள், மூன்று போத்தல் பரிசோதனை. வித்தியாசம் அவ்வளவுதான்.

எல்லாப் போத்தலுக்கும் ஒரே கலங்கல் தண்ணீர் வேண்டும். ஒரு வாளியில் குளத்துக் களிமண் இரண்டு பிடி கரைத்து, பத்து நிமிடம் விட்டு, மேலே நிற்பதை மட்டும் எடுங்கள். இதை வடிக்கும்போது போத்தலின் எல்லையும் தெரிந்துவிடும். நுண்மணலால் வந்த தண்ணீர்கூட லேசாகப் பால் போலத்தான் இருக்கும். களிமண் துணிக்கைகள் 0.002 மில்லிமீற்றருக்கும் சிறியவை, மணல்மணிகளுக்கு இடையிலுள்ள வெளியோ அதைவிடப் பல மடங்கு பெரியது. சில துணிக்கைகள் மணலில் ஒட்டி நிற்கும், மீதி போய்விடும்.

அந்த மீதியைப் பிடிப்பது முருங்கை விதை. என்னைக் கேட்டால் மிகக் குறைந்த செலவில் மிக நல்ல விஞ்ஞானம் இதில்தான் இருக்கிறது. களிமண் துணிக்கைகள் எதிர் மின்னேற்றம் உள்ளவை, ஒன்றையொன்று தள்ளுவதால் மிதந்துகொண்டே இருக்கும். முருங்கை விதையில் நேர் மின்னேற்றமுள்ள புரதம் ஒன்று இருக்கிறது. அது துணிக்கைகளைச் சேர்த்துத் திரளாக்கும், திரண்டது பாரத்தில் அடியில் படியும். நீர் சுத்திகரிப்பு நிலையங்களில் படிகாரம் செய்வதும் இதே வேலைதான். சூடானில் நைல் ஆற்றங்கரைக் கிராமப் பெண்கள் வீட்டில் செய்துவந்த வழக்கத்தை 1970களில் சாமியா அல் அசாரியா யான் என்ற ஆய்வாளர் முறையாக ஆராய்ந்து எழுதிய பிறகுதான் உலகம் முருங்கையைக் கவனிக்கத் தொடங்கியது.

நன்றாக முற்றிக் காய்ந்து மண்ணிறமான காயின் விதை வேண்டும். இதில் நம்முடைய ஊரில் ஒரு சின்னச் சிக்கல்: முற்றுமுன்பே காய் கறிச்சட்டிக்குப் போய்விடும். வேலியில் மரம் நிற்கும் யாரிடமாவது முன்கூட்டியே சொல்லி நாலு காயை மரத்திலேயே காய விடச் சொல்லுங்கள். கோதை உரித்து, வெள்ளைப் பருப்பை உரலில் இடித்து மாவாக்கி, கொஞ்சத் தண்ணீரில் கரைத்து, துணியால் வடித்து ஊற்ற வேண்டும். ஒரு நிமிடம் வேகமாகக் கலக்கி, பிறகு ஐந்து பத்து நிமிடம் மெதுவாகக் கலக்கி, ஒன்றிரண்டு மணித்தியாலம் அசைக்காமல் வைத்தால் போதும். ஒரு லீற்றருக்கு ஒரு விதையில் தொடங்கலாம்.

பரிசோதனை இங்கே தானாகவே வந்து நிற்கிறது. ஐந்து போத்தலில் ஒரே கலங்கல் தண்ணீர். விதை இல்லாமல் ஒன்று, பிறகு அரை, ஒன்று, இரண்டு, நான்கு. சிலுவைக் குறியால் அளந்தால் ஓரளவு வரை தெளிவு கூடும், அதற்கு மேல் விதை போட்டால் மறுபடியும் கலங்கத் தொடங்கலாம். மின்னேற்றம் அளவுக்கு மிஞ்சினால் துணிக்கைகளே நேர் மின்னேற்றத்துக்கு மாறி, திரும்பவும் ஒன்றையொன்று தள்ளும். ஏன் என்று பிள்ளை விளக்கினால் எந்த நடுவருக்கும் பிடிக்கும். தேத்தாங்கொட்டையையும் சேர்த்து ஒப்பிடலாம், நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். அதை மண்பானையின் உட்புறத்தில் உரைத்துத் தண்ணீர் ஊற்றுவது நம் ஆட்களின் பழைய வழக்கம். எவ்வளவு உரைந்தது என்பதுதான் தெரியாது. உரைக்க முன்னும் பின்னும் கொட்டையைத் தராசில் நிறுத்துக்கொண்டால் அந்தக் குறையும் தீரும்.

முருங்கையில் ஒரு குறை உண்டு. விதையின் மற்றச் சேதனப் பொருளும் தண்ணீரில் தங்கும், ஒரு நாளுக்கு மேல் வைத்தால் மணக்கும். அன்றன்றைக்குச் செய்ய வேண்டியதுதான். தெளிந்ததை மணல் போத்தலில் ஊற்றி எடுத்தால் திரளும் போய் இன்னும் நன்றாக இருக்கும். பெரிய நிலையங்களில் நடக்கும் ஒழுங்கும் அதுவே: திரட்டு, அடைய விடு, மணலால் வடி.

நீண்டகால வடிகட்டி என்றால், தண்ணீரை மணலுக்குள்ளால் மிக மெதுவாக இறக்கும் மெதுமணல் வடிகட்டி. வரலாற்றில் இதற்குத்தான் பெரிய பெயர். 1829இல் லண்டனில் ஜேம்ஸ் சிம்சன் நகரத்துக்கான மெதுமணல் வடிகட்டியைக் கட்டினார். 1892இல் ஜேர்மனியில் ஹம்பேர்க் நகரத்தில் கொலராவில் 8,000 பேருக்கு மேல் இறந்தபோது, அதே எல்பே ஆற்றில் அதற்குக் கீழே தண்ணீர் எடுத்த பக்கத்து நகரமான அல்ரோனா பெருமளவு தப்பியது. ஹம்பேர்க் ஆற்று நீரை வடிகட்டாமல் விநியோகித்தது, அல்ரோனா மணலால் வடித்தது. மணலின் மேற்பரப்பில் வளரும் நுண்ணுயிர்ப் படலம்தான் கிருமிகளை அடக்குகிறது. 1990களில் கனடாவின் கல்கரிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் மான்ஸ் இதை வீட்டளவுக்குக் கொண்டுவந்தார். தண்ணீர் ஊற்றாத நேரத்திலும் மணலுக்கு மேல் 5 சென்ரிமீற்றர் தண்ணீர் நிற்கும்படி வெளிக்குழாயை உயர்த்தி வைப்பதுதான் அதன் சூட்சுமம். படலம் காயாது, மூச்சும் முட்டாது.

பெரிய வாளியில் இதைச் செய்யலாம். ஆனால் படலம் வளர இரண்டு தொடக்கம் நான்கு வாரம் வேண்டும், நாள்தோறும் தண்ணீர் ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீர் ஊற்றினால் அதிலுள்ள குளோரின் படலத்தையே கொன்றுவிடும், கிணற்று நீரோ குளத்து நீரோதான் சரி. மணல் நிரம்பிய வாளியைப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போவது யார் என்பதையும் யோசியுங்கள். அதற்கும் மேலே, கிருமி குறைந்தது என்று வீட்டில் நிரூபிக்க வழியில்லை. ஒரு தவணை முழுக்க நேரம் இருந்து, ஆய்வுகூட வசதியும் இருந்தால் மட்டும் இதில் இறங்கலாம்.

மண் வடிகட்டியையும் சிலர் கேட்கிறார்கள். களிமண்ணோடு அரித்த உமியையோ மரத்தூளையோ பிசைந்து முட்டி செய்து சூளையில் சுட்டால், உமி எரிந்து நுண்துளை மிஞ்சும், அதனூடாகத் தண்ணீர் மணித்தியாலத்துக்கு ஒன்று தொடக்கம் மூன்று லீற்றர் வரை ஊறி வரும். குவாத்தமாலாவில் பெர்னாண்டோ மசாரியேகோஸ் 1981இல் உருவாக்கியது. அருமையான சாமான். ஆனால் அடுப்புச் சூடு இதற்குப் போதாது, சரியாகச் சுடாத முட்டி தண்ணீரில் கரைந்துபோகும். உறவில் குயவர் யாரும் இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

இதுவரை சொன்ன எதுவும் உப்பைத் தொடாது. கரைந்த உப்பு மணலுக்குள்ளாலும் கரிக்குள்ளாலும் சுகமாகப் போய்விடும், முருங்கை விதைக்கும் அதன் மேல் அதிகாரம் இல்லை. கடலோரத்துப் பிள்ளை வீட்டுக் கிணற்று உவர்நீரைப் போத்தலில் ஊற்றித் தெளிவாக எடுத்துக் காட்டினாலும் அது உவர்நீர்தான். அவர்களுக்கு நான் சொல்வது சூரிய வடிப்பு.

கறுத்த அகலத் தட்டோ, உள்ளே கறுப்புப் பொலித்தீன் விரித்த பேசினோ எடுத்து உவர்நீரை இரண்டு விரல் உயரத்துக்கு ஊற்றுங்கள். நடுவில் ஒரு கனமான கோப்பை. மேலே தெளிவான பொலித்தீனை இழுத்து மூடி, ஓரத்தைக் கயிற்றால் கட்டி, நடுவில் கோப்பைக்கு நேர்மேலே ஒரு சின்னக் கல். வெயிலில் நீர் ஆவியாகிப் பொலித்தீனில் ஒடுங்கி, கல் இருக்கும் பள்ளத்துக்கு வழிந்து, கோப்பைக்குள் சொட்டும். உப்பு தட்டிலேயே தங்கும். 1872இல் சிலி நாட்டுப் பாலைவனத்தில் லாஸ் சலினாஸ் என்ற சுரங்கத்தில் இதே தத்துவத்தில் 4,000 சதுர மீற்றருக்கு மேற்பட்ட கண்ணாடித் தொட்டிகளைக் கட்டி நாளுக்கு 20,000 லீற்றருக்கு மேல் நல்ல தண்ணீர் எடுத்திருக்கிறார்கள்.

வீட்டில் அவ்வளவு எதிர்பார்க்கக் கூடாது. நன்றாகக் கட்டிய கண்ணாடி வடிப்பிலேயே ஒரு சதுர மீற்றருக்கு நாளுக்கு இரண்டு தொடக்கம் நான்கு லீற்றர்தான். 40 சென்ரிமீற்றர் அகலப் பேசின் என்றால் கணக்குப்படி கால் லீற்றர், அரை லீற்றர். பொலித்தீன் மூடியில் அதிலும் குறைவு. அதனால் என்ன, அளவுதான் இங்கே தரவு. கறுப்புத் தட்டு, வெள்ளைத் தட்டு என்று இரண்டு வைத்து ஒப்பிட்டால் பரிசோதனை முழுமையாகிவிடும். உப்பு போனதைக் காட்டவும் வழி இருக்கிறது: 100 மில்லிலீற்றர் கடல்நீரை ஒரு சுத்தமான சட்டியில் வற்ற வைத்தால் ஏறக்குறைய மூன்றரைக் கிராம் உப்பு மிஞ்சும், பள்ளிக்கூடத் தராசில் நிறுக்கலாம். வடித்த நீரை வற்ற வைத்தால் சட்டியில் எதுவும் தெரியாது. கிணற்று நீரில் உப்புக் குறைவு என்பதால் ஒரு லீற்றராவது வற்ற வைக்க வேண்டியிருக்கும்.

காலம்தான் இதற்குத் தடை. மாரியில், வானம் மூடிக் கிடக்கும் கார்த்திகை, மார்கழியில் இதைத் தொடங்கினால் கோப்பை காலியாகவே இருக்கும். வெயில் காலத்தில் கச்சான் காற்று பொலித்தீனைப் பிய்த்துக்கொண்டு போகும், மதில் ஓரமாக வைப்பது புத்தி.

போத்தலைச் சூரிய ஒளியில் வைத்துக் கிருமி கொல்லும் முறையைப் பிற்சேர்க்கையாக வைத்துக்கொள்ளலாம். தெளிவான பெட் (PET) பிளாஸ்ரிக் போத்தலில் நிரப்பி நல்ல வெயிலில் ஆறு மணித்தியாலம், மப்பு என்றால் இரண்டு நாள். தண்ணீர் கலங்கலாக இருந்தால் கதிர் உள்ளே போகாது. பத்திரிகைத் தலைப்பின் மேல் போத்தலை நிமிர்த்தி வைத்து வாய் வழியாகக் கீழே பாருங்கள், எழுத்து வாசிக்க வந்தால் போதிய தெளிவு இருக்கிறது. மணல் போத்தலால் வடித்ததா, முருங்கையால் தெளிந்ததா இந்தச் சோதனையில் தேறுகிறது என்று பார்ப்பதே இன்னொரு நல்ல ஒப்பீடு.

ஆக, கையில் ஒரு கிழமைதான் இருக்கிறதென்றால் முருங்கை விதை. இரண்டு மூன்று கிழமையும், மணல் அரித்துக் கழுவ உதவிக்கு ஆளும் இருந்தால் மூன்று போத்தல், முடிந்தால் அதற்கு முன்னால் முருங்கை. கடலோர வீடும் வெயில் காலமும் என்றால் யோசிக்கவே தேவையில்லை, சூரிய வடிப்பு. தரம் 6, 7 பிள்ளைகளுக்கு மெதுமணலையும் மண் முட்டியையும் நான் சொல்ல மாட்டேன். கடின நீர் ஊர்ப் பிள்ளைகளுக்கும் வடிப்புத்தான் பொருந்தும், வற்ற வைத்த சட்டியில் படியும் வெள்ளையே அவர்களுடைய தரவு.

எதைச் செய்தாலும் அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. கண்காட்சியில் யாராவது பெரியவர் "எங்கே, ஒரு வாய் குடித்துப் பார்ப்போம்" என்று கை நீட்டுவார், பிள்ளைக்கு மறுக்கத் துணிவு வராது. முன்கூட்டியே சொல்லிக் கொடுங்கள்: "இல்லை சேர், இது தெளிந்த தண்ணீர்தான், கிருமி போனது என்று எங்களால் சொல்ல முடியாது. ஆகவே குடிக்கக் கூடாது." கண் காணாத கிருமியும் கரைந்திருக்கும் நைத்திரேற்றும் புளோரைட்டும் தெளிவான தண்ணீரிலும் இருக்கலாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், கரைந்தது போகாது. இதைச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குப் புள்ளி குறையாது.

கண்காட்சி அன்றைக்குக் கலங்கல் தண்ணீரை வீட்டிலிருந்தே ஒரு கானில் கொண்டுபோங்கள், பள்ளிக்கூடக் குழாயில் வருவது தெளிந்த தண்ணீர். மணல் போத்தல்களைக் காலையிலேயே ஈரமாக்கி வைக்க வேண்டும். காய்ந்த மணலில் முதலில் ஊற்றுவதில் பாதி உள்ளேயே நின்றுவிடும், நடுவர் அடுத்த மேசைக்குப் போன பிறகுதான் முதல் துளி விழும்.